வார்டுக்கு வெளியே இருக்கும் கேள்வி

கேள்வி: குழந்தைகள் வார்டில் 6 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். வயது 29. வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைகளைத் தேற்றி வீட்டுக்கு அனுப்புகிறோம். இரண்டே மாதத்தில் அதே குழந்தை அதே நோயோடு திரும்பி வருகிறது. பொது சுகாதாரமும் சர்வதேச வளர்ச்சியும் சேர்ந்த முதுநிலைப் படிப்பு படிக்கலாம் என்று நினைக்கிறேன். டாக்டர் அல்லாத ஒருவருக்கு அந்தத் துறையில் மதிப்பு இருக்குமா? கணக்கு எனக்கு அவ்வளவாக வராது, சமாளிக்க முடியுமா? கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும். படித்து முடித்தால் ஐ.நா. போன்ற அமைப்பில் வேலை கிடைக்குமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்விக்குறி போட்டு மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குறி இல்லாமல் எழுதிய ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதே குழந்தை, இரண்டே மாதத்தில், அதே நோயோடு. இருபது வருடமாகப் பொது சுகாதாரத் துறையில் வேலை பார்க்கிறேன். முதுநிலை வகுப்புகளும் எடுத்திருக்கிறேன். அங்கே வரும் பலரிடம் பட்டம் வாங்கும் ஆசை இருக்கும், நல்ல மதிப்பெண் இருக்கும், இப்படி ஒரு வரி இருக்காது. உங்களிடம் இருக்கிறது. அதனால் படிக்கலாமா என்றால், தாராளமாகப் படியுங்கள். எங்கே, எப்போது, யார் பணத்தில் என்பதில்தான் அவசரம் வேண்டாம்.

பெயரில் இரண்டு துறை சேர்ந்திருப்பதால் பலரும் குழம்பிப்போகிறார்கள். பொது சுகாதாரம் என்பது யாருக்கு நோய் வருகிறது, எங்கே, எப்போது, எத்தனை பேருக்கு என்று எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும். வளர்ச்சிப் படிப்பு, அவர்களுக்கு மட்டும் ஏன் வருகிறது, தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவோடு நின்றுபோனது, அப்படி முடிவு செய்தவர் யார், பணம் யார் கையில் இருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுக்கும். எண்ணத் தெரியாமல் ஏழ்மையைப் பற்றிப் பேசினால் கேட்கிறவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். எண்ண மட்டும் தெரிந்தால் அழகான அறிக்கை வரும்; குழாய் வராது.

நீங்கள் தினமும் கையில் எடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையே பாருங்கள். 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ் பகுதியில் தங்கியிருந்தார்கள். காலரா பரவியது. சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன. திலீப் மஹாலனபிஸ் என்ற குழந்தை மருத்துவர், உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரை உறவினர்கள் கையிலேயே கொடுத்து நோயாளிகளுக்குப் புகட்டச் சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டி இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மருத்துவத்தின் வேலை அங்கே முடிந்துவிட்டது. ஆனால் ஒரு கிராமத்து வீட்டில் அடுத்த குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும்போது அந்தக் கரைசலை யார் கலப்பது?

அந்தக் கேள்வியோடு கிளம்பியது பிராக் என்ற வங்கதேசத் தொண்டு நிறுவனம். 1980-லிருந்து 1990 வரை அதன் பெண் பணியாளர்கள் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்குப் போனார்கள். பாக்கெட் எதுவும் கிடையாது. மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர், அதாவது ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீர். அந்தத் தாயையே கலக்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் சம்பளக் கணக்கு. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று கேட்டுச் சம்பளம் தரவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், தாய்க்கு என்னென்ன நினைவிருக்கிறது என்று கேட்பார். அவர் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குப் பணம்.

அப்படியும் ஒரு சிக்கல் வந்தது. தாய்மார்களுக்குக் கலக்கத் தெரிந்திருந்தது. குழந்தைக்கு நோய் வந்தபோது கொடுத்தவர்கள் குறைவு. துருவிப் பார்த்ததில், கற்றுக்கொடுத்த பணியாளர்களுக்கே அந்தக் கரைசலில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அதைக் குடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அப்புறம் அது உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பணியாளர்களுக்கு முதலில் விளக்கினார்கள். வீட்டு ஆண்களையும் உட்காரவைத்துப் பேசினார்கள். பிறகுதான் மக்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். மருத்துவம், மேற்பார்வை, கணக்கெடுப்பு, வீட்டுக்குள் யார் பேச்சு எடுபடும் என்ற அறிவு எல்லாம் இந்த ஒரு வேலைக்குள் இருக்கின்றன. நீங்கள் படிக்க நினைப்பது இதைத்தான்.

சரி, டாக்டர் அல்லாதவருக்கு மதிப்பு உண்டா? மேலே சொன்ன கதையில் வீடு வீடாகப் போனவர்கள் டாக்டர்கள் இல்லை. எம்.பி.ஹெச். என்னும் பொது சுகாதார முதுநிலை வகுப்பறையில் செவிலியர், பொறியாளர், பொருளாதாரம் படித்தவர், புள்ளியியலாளர், பத்திரிகையாளர் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மருத்துவப் பட்டம் கட்டாயம் என்று கேட்கும் படிப்புகளும் சில உண்டு, குறிப்பாக வெப்பமண்டல நோய் மருத்துவத்தில். விண்ணப்பிக்கும் முன் தகுதிப் பகுதியை ஒருமுறை ஒழுங்காகப் படித்துவிடுங்கள். மற்றபடி இந்தக் கவலையை விட்டுவிடலாம். நோயாளியின் அம்மா டாக்டரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லியிருப்பார். அந்தப் பழக்கம் களத்தில் பெரிய சொத்து.

கணக்கு விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நல்ல செவிலியர்கள் பலர் இந்தப் பயத்தாலேயே விண்ணப்பத்தை மூடிவைத்துவிடுகிறார்கள். குழந்தையின் எடைக்கு ஏற்ப மருந்தின் அளவைப் பிரித்து, சொட்டு வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை என்று போடுகிறவர் நீங்கள். அதுவும் நடு இரவில், தப்பில்லாமல். எபிடெமியாலஜி என்னும் நோய்ப்பரவலியலின் முதல் பாடம் அதைவிடக் கஷ்டம் இல்லை.

ஒரு மாதத்தில் உங்கள் வார்டுக்கு 40 குழந்தைகள் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 பேர் ஆற்றங்கரைப் பகுதி, 10 பேர் மேட்டுப் பகுதி. பார்த்தவுடன் ஆற்றங்கரையில்தான் பிரச்சினை என்று தோன்றும். இப்போது ஆற்றங்கரையில் மொத்தம் 3,000 குழந்தைகள், மேட்டுப் பகுதியில் 500 குழந்தைகள் என்று தெரியவருகிறது. அங்கே நூற்றுக்கு 1, இங்கே நூற்றுக்கு 2. கதை தலைகீழாகிவிட்டது. பின்னத்தின் கீழ் எண்ணைப் பகுதி என்று பள்ளியில் படித்தோமே, அந்தக் கீழ் எண்ணைத் தேடிப் போவதுதான் எங்கள் தொழிலில் பாதி. இன்னும் ஒரு படி போகலாம். மேட்டுப் பகுதியிலிருந்து ஆஸ்பத்திரி தூரம் என்றால், அங்கே நோயோடு வீட்டிலேயே கிடக்கும் குழந்தைகள் உங்கள் 10-ல் சேரவே இல்லை. அப்போது உண்மையான நிலவரம் நூற்றுக்கு 2-ஐவிட மோசம். வார்டுப் பதிவேட்டை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியாது. உங்களுக்குப் புரிந்துவிட்டது அல்லவா? மீதிக் கணக்கைப் பெரும்பாலும் மென்பொருள் போட்டுவிடும். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். சேர்வதற்கு முன் மூன்று மாதம் தினமும் அரை மணி நேரம் பழகினால் முதல் பருவத்தில் மூச்சு முட்டாது.

எந்தப் படிப்பு, எந்த ஊர் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்கிறேன். தரவரிசைப் பட்டியலை நான் கடைசியில்தான் பார்ப்பேன். இந்தத் துறையின் பழைய பெரிய பள்ளிகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிக்கல் மெடிசின் 1899-ல் தொடங்கியபோது, காலனிகளுக்குப் போகும் மருத்துவர்களைத் தயார் செய்வதுதான் அதன் வேலை. இன்று அது வேறு உலகம். உலகின் மிகச் சிறந்த ஆசிரியர்கள் சிலர் அங்கே இருக்கிறார்கள். வேலையில் இருந்துகொண்டே தொலைநிலையில் சில ஆண்டுகளில் முடிக்கும் வழியும் அங்கே உண்டு. சசெக்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் 1966-ல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு நிறுவனம் மறுபக்கத்திலிருந்து வருகிறது. மக்களையே வரைபடம் போடவைத்து, அவர்கள் வாயால் பிரச்சினையைக் கேட்கும் முறையை ராபர்ட் சேம்பர்ஸ் வளர்த்தது அங்கேதான். டாக்காவில் பிராக் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பி. கிராண்ட் பொது சுகாதாரப் பள்ளி 2004-ல் வந்தது. நோயும் திட்டமும் மக்களும் கண்ணெதிரே இருக்கும் இடத்தில் படிப்பது தனி அனுபவம். பெயர் பெற்ற நாட்டுக்குத்தான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால், ஓ.ஆர்.எஸ். எந்த ஊரிலிருந்து உலகத்துக்குப் போனது என்று கேளுங்கள்.

பாடத்திட்டத்தைக் கையில் எடுத்தால் நேராகக் கள ஆய்வுப் பகுதிக்குப் போங்கள். அகதி முகாமில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்பது, நிவாரணப் பணிகளுக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்ஃபியர் கையேட்டின் அளவு. இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளப் பட்டம் எதற்கு? சராசரியாக 15 லிட்டர் வருகிறது என்று அறிக்கை சொல்லும்போது, குடம் தூக்க முடியாத ஒரு கிழவிக்கு 6 லிட்டர்தான் கிடைக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் பயிற்சி வேண்டும். வீடுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படிச் சரிபார்ப்பது என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று பாருங்கள். பிரிட்டனில் முழுநேரப் படிப்பு ஒரே வருடம், 180 கிரெடிட். ஆய்வேட்டுக்குக் கோடைக்கால மாதங்கள்தான் கிடைக்கும், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற எம்.பி.ஹெச். குறைந்தது 42 கிரெடிட், பெரும்பாலும் 2 ஆண்டு, செய்முறை அனுபவம் கட்டாயம். செலவும் அதற்கேற்ப ஏறும். பழைய மாணவர் இரண்டு பேருக்கு எழுதி, ஆய்வேட்டுக்கு எங்கே போனீர்கள், வழிகாட்டி எத்தனை முறை உங்களோடு உட்கார்ந்தார் என்று கேளுங்கள். விளம்பரக் கையேட்டில் இது இருக்காது.

வகுப்பில் ஒரு பழைய சண்டையும் காத்திருக்கிறது. 1978-ல் அன்றைய சோவியத் கஜகஸ்தானின் அல்மா-அட்டா நகரில் 134 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, 2000-க்குள் எல்லோருக்கும் நலம், அதற்கு ஆரம்ப சுகாதாரம்தான் வழி என்று பிரகடனம் செய்தார்கள். தண்ணீர், உணவு, கல்வி எல்லாம் அதற்குள் வரும். அடுத்த வருடமே, அவ்வளவுக்குப் பணம் ஏது, தடுப்பூசி, ஓ.ஆர்.எஸ். போலச் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்வோம் என்ற எதிர்வாதம் வந்துவிட்டது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொண்டு போக வேண்டாம். உங்கள் வார்டுக்குத் திரும்பி வரும் குழந்தைக்கு பாக்கெட்டும் வேண்டும், குழாயும் வேண்டும்.

இப்போது வேலை. இங்கே உங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஜூலை 1-க்குள், அந்த உதவியை வழங்கிவந்த யு.எஸ்.எய்டு என்ற அமைப்பே தனியாகச் செயல்படுவது முடிந்துபோனது. பிரிட்டன் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதமாக இருந்த உதவியை 2021-ல் 0.5 ஆக்கியது, 2027-க்குள் 0.3 ஆகக் குறைப்பதாக அறிவித்திருக்கிறது. 1984-லிருந்து பல நாடுகளில் வீடு வீடாகத் தாய்சேய் நலத்தைக் கணக்கெடுத்துவந்த டி.ஹெச்.எஸ். ஆய்வுகளுக்கான அமெரிக்க நிதியும் 2025-ல் நின்றது. பத்து, பதினைந்து வருட அனுபவம் உள்ளவர்கள் வேலை இழந்து, இன்று தொடக்கநிலை வேலைக்கும் விண்ணப்பிக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களும் அதில் உண்டு. ஐ.நா. அமைப்புகளில் பி-2 என்னும் ஆரம்பப் படிக்கே பொதுவாக முதுநிலைப் பட்டத்தோடு 2 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். அந்த வரிசையில் நீங்கள் நிற்கலாம், தவறில்லை. அந்த வேலை கிடைக்கும் என்று நம்பி பெரிய கடன் வாங்குவதுதான் தவறு. கடன் தவணை மாதாமாதம் வரும். பணி ஒப்பந்தங்களோ பல நேரம் ஒரு வருடத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் நோய் குறையவில்லை, வேலையும் குறையவில்லை. சம்பளம் தருகிறவர்தான் மாறுகிறார். வெளிப்பணத்தில் நடந்த நோய்க் கண்காணிப்பு, தடுப்பூசித் திட்டம், மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் அந்தந்த நாட்டு அரசுகள்தான் இனி தாங்கியாக வேண்டும். அங்கே வார்டும் தெரிந்து, தரவும் தெரிந்த ஆள் அபூர்வம். நான் வேலை பார்த்த இடங்களில் மென்பொருளில் கெட்டிக்காரர் கிடைப்பார். அவருக்குப் பதிவேட்டில் ‘கடும் நீரிழப்பு’ என்று எழுதியிருப்பதை எந்த நிலைமையில், யார் அவசரத்தில் எழுதியிருப்பார் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். வேலை தேடும்போது உங்கள் பலம் இதுதான்.

அதனால் கடனுக்கு முன்னால் உதவித்தொகையைத் துரத்துங்கள். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை, 2,800 மணி நேரம் வேலை அனுபவம் கேட்கும். உங்களிடம் அது பல மடங்கு இருக்கிறது. படித்து முடித்ததும் 2 ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காமன்வெல்த் உதவித்தொகை, ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ், வளர்ச்சி சார்ந்த படிப்புகளுக்கு ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. தருவது, இவை எல்லாமே உங்கள் நாட்டுக்கு உண்டா என்று பாருங்கள். ஒரு வருடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் மறுபடி போடுங்கள். 29 வயது இந்தத் துறைக்குச் சின்ன வயது.

உதவித்தொகையோ சேர்க்கையோ, இரண்டையும் தீர்மானிப்பது எஸ்.ஓ.பி. என்று எல்லோரும் சொல்லும் அந்த நோக்கக் கட்டுரைதான். தேர்வுக் குழுவில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். ‘சிறு வயது முதலே மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற கனவு’ என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். எழுதியவர் உண்மையாகவே அப்படி நினைத்திருப்பார். ஆனால் படிக்கிறவருக்கு அவர் யார் என்று தெரியாது. ஒரு கட்டுரை மட்டும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எழுதியவர் ஒரு சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கும் செவிலியர். அங்கே இருந்த எடைத் தராசு 200 கிராம் கூடுதலாகக் காட்டியிருக்கிறது. 2.4 கிலோ குழந்தை பதிவேட்டில் 2.6 கிலோ. 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால்தான் எடை குறைந்த குழந்தை என்று தனிக் கவனிப்பு கிடைக்கும். ஒரு நாள் சந்தேகம் வந்து, 1 லிட்டர் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார். அப்புறம் பழைய பதிவேட்டை எடுத்து, தப்பிப்போன குழந்தைகள் எத்தனை என்று எண்ணினார். கட்டுரையின் கடைசிப் பத்தியில், இதுபோலச் சரிபார்க்கப்படாத தராசுகள் எத்தனை இருக்கும், அதைச் சரிபார்ப்பது யார் பொறுப்பு, அதற்குப் பணம் ஏன் ஒதுக்கப்படவில்லை என்று கேட்டிருந்தார். குழுவில் யாரும் விவாதமே செய்யவில்லை. இடம் கொடுத்துவிட்டோம்.

உங்கள் தராசு அந்தத் திரும்பி வரும் குழந்தை. அடுத்த மாதத்திலிருந்து ஒன்று செய்யுங்கள். வார்டுப் பொறுப்பாளரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயர், முகவரி எதையும் எழுத வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகும் குழந்தையின் அம்மாவிடம், குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எதில் பிடித்து வைக்கிறீர்கள், போன முறை கொடுத்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை என்ன செய்தீர்கள், இங்கே வர எவ்வளவு நேரம் ஆனது என்று கேளுங்கள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லாமல் கேட்டால் சொல்வார்கள். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். நீங்கள் எதிர்பார்த்த பதில் வராது. பாக்கெட்டைப் பற்றிய பதில் கட்டாயம் வராது என்பது என் அனுபவம்.

முப்பது அம்மாக்களிடம் பேசி முடித்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்பதை அந்த நோட்டை வைத்துக்கொண்டு பேசலாம். உங்கள் நோக்கக் கட்டுரையின் முதல் வரைவையும் கூடவே அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.